களவுக் கொப்பியும் காணாமற்போன பெயர்களும்



குளிர்காலத்தில் மின்சாரக் கட்டணத்தைக் குறைப்பது எப்படி என்று இந்தப் பக்கத்தில் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பி ஹீற்றரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அது அடுத்த இதழில் வரும். இம்முறை ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா குடும்பம் ஸ்ட்ரெதம் ஹை றோட்டுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மகனுக்குப் 14 வயது. ஒரு சனிக்கிழமை காலை, இரவு வேலை முடித்து வந்து நான் படுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. "தம்பி, ஒருக்கா உடனை வா. போனிலை கதைக்கேலாது." சாரத்தோடு ஓடிப் போகக்கூடிய ஊரா இது? ஜீன்சை மாட்டிக்கொண்டு போனேன்.

மேசையில் மருமகனின் பள்ளிக்கூடக் கோப்பு கிடந்தது. அதன் மட்டையில் தடித்த கறுப்பு மையால் மூன்று ஆங்கிலச் சொற்கள்: 'பைரசி ஃபண்ட்ஸ் ரெரறிசம்'. களவுக் கொப்பி பயங்கரவாதத்துக்குக் காசு கொடுக்கிறது என்று அர்த்தம். கடைசிச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு நித்திரை பறந்துவிட்டது.

அக்காவின் பயம் சும்மா பயமல்ல. மாணவர் யாராவது தீவிரவாதத்தின் பக்கம் இழுபடுவதாகத் தெரிந்தால் கவனிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கடமையைக் கொடுத்திருக்கிறது. 'பிறிவென்ற்' என்று சொல்வார்கள். அக்கா குடும்பத்தின் நிரந்தர வதிவிட விண்ணப்பம் உள்துறை அமைச்சில் கிடக்கிறது. குறோய்டன் லூனர் ஹவுசில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டபோது அந்தச் சொல் எத்தனை தரம் வந்தது என்பது அங்கே இருந்து எழும்பி வந்தவர்களுக்குத் தெரியும். இப்போது அதே சொல்லைப் பிள்ளை தன் கையால் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

"மாமா, இது ஒரு அல்பத்தின்ரை பேர்" என்றான் மருமகன், அழாத குறையாக. "பாடினது எங்கடை ஆள். மிச்சத்திலை இருந்தவ. அம்மாக்குச் சொன்னா விளங்குதில்லை."

அக்கா என்னைப் பார்த்தா. "நீதானே பாட்டுப் பைத்தியம். கேட்டுப் பாத்துச் சொல்லு. உது பிள்ளையள் கேக்கலாமோ, கூடாதோ?"

இப்படித்தான் ஓ.எல். உடன் படிப்பை விட்ட ஒருவன் இசை விமர்சகன் ஆனான்.

இங்கே புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக, முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர் மாதங்கி அருட்பிரகாசம். வழக்கத்தில் மாயா. 1975 ஜூலையில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர். வீட்டில் அவரைக் கண்டதே குறைவு. யாழ்ப்பாணம், சென்னை, மறுபடி யாழ்ப்பாணம் என்று அலைந்து, 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் திரும்பியபோது மாயாவுக்குப் பதினொரு வயது நிறையவில்லை. கிடைத்த வீடு மிச்சம், பிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட்டில். ஸ்ட்ரெதத்தில் 118 பஸ் ஏறினால் மிச்சம். அங்கிருந்து ட்ராமில் இரண்டாவது தரிப்பு பிப்ஸ் பிரிட்ஜ். (அந்த ஊர்ப் பெயரைப் போனில் சொன்னபோது ஊரில் என் அம்மா, "மிச்சமாவது இருக்கே ராசா" என்றா.)

தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். என்ன தையல் தெரியுமா? அரசி கொடுத்த விருதுப் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை. 2019இல் மகளுக்கே எம்.பீ.ஈ. விருது அறிவிக்கப்பட்டபோதுதான், அம்மா அந்தப் பதக்கங்களை ஆயிரக்கணக்கில் தைத்தவர் என்று மகள் ஊருக்குச் சொன்னார். வாங்கியவர்களின் பெயர் பத்திரிகையில் வரும். தைத்தவரின் பெயர் எங்கே வந்தது? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற்போனவர்களைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். தான் லண்டன் அக்ரனில் இருந்த காலத்தில், ஊரில் காணாமற்போன ஒரு மச்சானைத் தேடியதில் இருந்து வந்த பெயர் என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்த மூன்று எழுத்தும் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

இனித் தொகுப்புக்கு வருவோம். 2003இல் 'கலங்' என்ற அவருடைய முதற் பாட்டு வெறும் 500 இசைத்தட்டுகளாக வந்தது. அது நடனக் கூடங்களில் கைமாறிப் பரவ, எக்ஸ்.எல். என்ற லண்டன் இசைக் கம்பனி அவரை எடுத்துக்கொண்டது. முதலாவது முழுத் தொகுப்புக்குத் தகப்பனின் பெயரையே வைத்து 'அருளர்' என்றார். அது 2005 மார்ச் வரை இழுபட்டது. காத்திருந்த நேரத்தில், 2004 கடைசியில், இன்னொருவரோடு சேர்ந்து செய்த களவுத் தொகுப்புத்தான் மருமகன் மட்டையில் எழுதியது. அந்த இன்னொருவர் டிப்லோ. அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் பிறந்து, புளோரிடாவில் வளர்ந்து, பிலடெல்பியாவில் தட்டுச் சுழற்றியவர். தென் லண்டன் பெண்ணும் தென் அமெரிக்க மாநிலப் பெடியனும். அவர் மாயாவின் குரலை மட்டும் தனியே பிரித்தெடுத்து, மற்றவர்களின் பிரபல பாட்டுகளின் தாளத்துக்கு மேல் ஒட்டினார். அந்தப் பாட்டுக்காரர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால் கடையில் விற்க முடியாது. நிகழ்ச்சிகளிலும் நண்பர்கள் கையிலும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கொப்பிக்குக் கொப்பி தானாகப் பெருகியது.

தலைப்பு எங்கிருந்து வந்தது? திருட்டுக் கொப்பி வாங்கினால் அந்தக் காசு பயங்கரவாதிகளுக்குப் போகும் என்று அந்தக் காலத்தில் படக் கம்பனிகள் பிரசாரம் செய்தன. அதைத்தான் இவர்கள் நக்கலாகத் திருப்பிப் போட்டார்கள். அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தவே எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. "நக்கலடிக்க வேறை சொல் கிடைக்கேல்லையோ?" என்றா. அது நியாயமான கேள்வி. 2001இல் பிரித்தானியா தடைப் பட்டியல் போட்ட பிறகு அந்தச் சொல் எங்கள் சனத்துக்கு நக்கல் அல்ல. அகதி அந்தஸ்து கைக்கு வந்தவன் நக்கலடிக்கலாம். வழக்கு நடப்பவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆனால் களவுக் கொப்பியைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம், சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். எனக்கு அப்போது ஐந்து வயதுதான், சுற்றுகிறவரின் பக்கத்தில் நின்றது ஞாபகம் இருக்கிறது. கசற்றை பற்றறியில் திருப்பினால் பற்றறி போய்விடும் என்று பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள். ஒரு கசற் பத்து வீட்டில் கொப்பியாகும். பத்தாவது கொப்பியில் பாடகரைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். முன்னம் லண்டன் வந்தவர்களைக் கேளுங்கள், ரூட்டிங் கடைகளில் வாடகைக்கு எடுத்த படக் கொப்பிகளின் கதையைச் சொல்வார்கள். அனுமதி கேட்டா கொப்பி அடித்தோம்? இல்லை. ஆனால் ஒன்று: கசற்றின் மேல் படத்தின் பெயரும் பாடியவரின் பெயரும் பேனையால் எழுதியிருக்கும். எழுத்துப் பிழையோடு என்றாலும் எழுதியிருக்கும்.

நான் வேலை செய்வது சான்ட்விச் பொதி செய்யும் பக்டரியில். இரவு பத்து முதல் காலை ஆறு. லைனில் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அரை மணித்தியால இடைவேளையில் கன்ரீனிலும், விடியப்புறம் பஸ்ஸிலுமாக இரண்டு கிழமை இதைக் கேட்டேன்.

முதல் இரவு பிடிக்கவில்லை. ஒரே தட்டல், குத்தல், யாரோ கத்துகிறார்கள். நான் இளையராஜாவில் வளர்ந்த காது. மூன்றாம் இரவுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இது இருந்து கேட்கும் இசை அல்ல. லைனில் பெட்டி வரும் வேகத்துக்குக் கை ஓடுகிற மாதிரி, உடம்பால் கேட்க வேண்டிய இசை. மாயா பாடுவது பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. எங்கள் பெண் பிள்ளைகள் கெந்தித் தொட்டு விளையாடும்போது சொல்வார்களே, அப்படி ஒரு இழுப்பு. லண்டன் தெருப் பேச்சு, ஜமேக்காக்காரரின் பேச்சு எல்லாம் கலந்து, வந்தேறிய பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய ஆங்கிலம். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கியது. பி.பி.சி. ஆங்கிலத்தைவிட நன்றாகவே விளங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

அவர் கையில் இருந்த கருவி ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரு தாளப் பெட்டி. படித்த சங்கீதம் கிடையாது. அந்தப் பெட்டியில் தட்டித் தட்டி வீட்டில் செய்தவைதான் ஆரம்பப் பாட்டுகள். டிப்லோ அந்தக் குரலுக்கு அடியில் வேறு நிலங்களைப் போட்டுப் பார்க்கிறார். ஒரு இடத்தில் எண்பதுகளின் அமெரிக்கப் பெண்கள் குழுவான பாங்கிள்ஸ் பாடிய எகிப்திய நடைப் பாட்டு வருகிறது. இன்னொரு இடத்தில் ஜே-சீயோடு யூ.ஜீ.கே. சேர்ந்து பாடிய புகழ் பெற்ற பாட்டின் புல்லாங்குழல். இந்த யூ.ஜீ.கே. ரெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஆர்தரில் இருந்து வந்த இருவர், தெற்கத்தி றப்பில் பெரிய பெயர். ஆனால் அந்தப் புல்லாங்குழல் மெட்டு அவர்களுடையதும் அல்ல. எகிப்தின் இசையமைப்பாளர் பலீக் ஹம்டி ஐம்பதுகளில் போட்டது. அவருடைய பெறாமகன் 2007இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2015இல் அது தள்ளுபடியானது. கெய்ரோவில் போட்ட மெட்டு நியூயோர்க் போய், தெற்கத்திப் பெடியள் அதற்கு மேல் பேசி, பிலடெல்பியாவில் மிச்சத்துப் பிள்ளையின் குரலுக்கு அடியில் வந்து படுத்திருக்கிறது. கன்ரீனில் ஆறிப்போன தேத்தண்ணியோடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் எங்களைப் போலத்தான் வழியெல்லாம் விலாசம் மாறி வந்திருக்கிறது.

ஐந்தாம் இரவோ ஆறாம் இரவோ, என் லைனில் வேலை செய்யும் பிரேசில் நாட்டு அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தா. இயர்போனில் ஒன்றை அவவிடம் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டுக் கண்ணை விரித்தா. "இது எங்கடை ஆக்கள்! ரியோ சேரிப் பாட்டு! சீ, எவ்வளவு கெட்ட வார்த்தை!" என்று சொல்லிச் சிரித்தா. பிறகு "யார் பாடினது, பேர் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டா.

போனில் பார்த்தேன். 'பைலி பங்க் ஒன்று' என்று இருந்தது. தொகுப்பில் இப்படி மூன்று இடத்தில் வருகிறது. பைலி பங்க் ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

அவவின் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. தோளைக் குலுக்கிவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனா.

இதுதான் இந்தத் தொகுப்பில் எனக்குள்ள பெரிய குறை. ரியோவின் மலைச் சேரிகளில், எண்பதுகளில் மயாமியில் இருந்து வந்த இசைத்தட்டுகளின் தாளத்தை எடுத்து, அதற்கு மேல் போர்த்துக்கேய மொழியில் தங்கள் பாட்டைப் போட்டு ஏழைச் சனம் உருவாக்கிய இசை அது. அதில் பாடியவர்கள் உயிருள்ள ஆட்கள், வீடு வாசல் உள்ளவர்கள். ஜே-சீயைப் பெயர் சொல்லாவிட்டாலும் உலகத்துக்குத் தெரியும். ரியோ பெடியனை யார் கண்டுபிடிப்பது? அவர்களுக்கு இலக்கம் போட்டு விட்டுவிட்டார்கள். இலக்கத்தால் கூப்பிடப்படுவது என்னவென்று எனக்குத் தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாமிலும் ஒரு இலக்கம், இரண்டு வருடம் கழித்து இங்கே வந்தபோது இன்னொரு இலக்கம். பெயரைக் கேட்டு எழுதுவதற்கு முதல் இலக்கத்தைத்தான் கேட்டார்கள்.

'காணாமற்போனவர்' என்று தனக்கே பெயர் வைத்த பிள்ளை இதைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு மனவருத்தம். 'அருளர்' தொகுப்பில் டிப்லோ செய்தது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் அடித்தளம் ரியோவின் சிடாஜி ஜி டேயுஸ் பகுதியைச் சேர்ந்த டெய்சி திக்ரோனா என்ற பெண்ணின் பாட்டு. பெயர் தெரிந்த ஒருத்தி. தேடினால் பெயர் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், இதே அநியாயம் மாயாவுக்கும் நடந்தது. அவர் தானே தட்டிச் செய்த இசையை எல்லாம் அந்த வெள்ளைக்காரப் பெடியன்தான் செய்தான் என்று பத்திரிகைகள் எழுதின. 2007இல் ஒரு நேர்காணலில், அவன் வருவதற்கு முன்பே என் வேலை முடிந்துவிட்டது என்ற கருத்தில் கோபமாகப் பதில் சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பொம்பிளைப் பிள்ளை, அதுவும் அகதிப் பிள்ளை, தானாக ஒன்றைச் செய்திருப்பாள் என்று நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் ஒரு துளி மூன்று வருடத்துக்கு முன் ரியோக்காரருக்காகவும் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அடுத்தது துவக்கும் குண்டும். மாயாவின் அந்தக் காலப் பாட்டுகளிலும் அட்டைப் படங்களிலும் இவை நிறைய. ஊரில் இருந்தபோது அவர் பத்து வயதுப் பிள்ளை. பத்து வயதில் பார்த்த போர் எப்படி இருக்கும்? சத்தம், ஓட்டம், பெரியாட்கள் ஏன் திடீரெனக் குரலைக் குறைக்கிறார்கள் என்ற திகைப்பு. பாட்டு அந்தத் திகைப்பில் நிற்கும் இடங்களில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்டரிச் சத்தத்துக்கு நடுவில் அப்படி ஒரு உணர்ச்சி வந்தது என்றால் அது சின்னக் காரியமல்ல. ஆனால் வேறு இடங்களில் குண்டு என்பது கறிக்குப் போட்ட செத்தல் மிளகாய் மாதிரி, உறைப்புக்கு மட்டும். தொகுப்பு வந்த 2004இல் ஊரில் யுத்த நிறுத்தம் இருந்தது. லண்டனில் ஆடுகிறவனுக்கு அந்தச் சொற்கள் ஒரு ஸ்டைல். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவற்றைக் கேட்கும் எனக்கு அப்படிக் கேட்க முடியவில்லை. இதற்கு அவரைக் குற்றம் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை. அவர் 2009 தொடக்கத்தில், அமெரிக்காவில் பெரிய மேடைகள் கிடைத்த நேரத்தில், வன்னியில் அகப்பட்ட சனத்தைப் பற்றிப் பேசினார். அப்போது நான் அந்தச் சனத்துக்குள் இருந்தேன். யாரோ ஒரு பாட்டுக்காரி எங்களைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். இந்தத் தொகுப்பில் எங்கள் மேளமும் இல்லை, எங்கள் மொழியும் இல்லை என்றே சொல்லலாம். சென்னைக்குப் போய் உறுமி மேளத்தோடு பதிவு செய்தது பிறகு, தாயின் பெயர் வைத்த 'கலா' தொகுப்பில், 2007இல். இசை என்று பார்த்தால் அதுதான் மூன்றிலும் மேல். மிருதங்கத்துக்கு றப் சொல்லும் ஷான் வின்சன்ற் டி போல், யாஞ்சன் என்ற கனடாப் பெடியள் இருவரையும் மருமகன் பிறகு போட்டுக் காட்டினான். தாளக் கணக்கு அங்கே இன்னும் சுத்தம். ஆனாலும் அவர்களுக்கு முன் கதவைத் தள்ளித் திறந்தது யார் என்று கேட்டால், இந்தக் கரடுமுரடான களவுக் கொப்பியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மீன்குழம்பு மணத்தது.

"கேக்கலாம்" என்றேன். "கெட்ட வார்த்தை கொஞ்சம் இருக்கு, ஆனால் அவன்ரை வகுப்பிலை இருக்கிறதைவிடக் குறைவு. நீயும் ஒருக்காப் பக்கத்திலை இருந்து கேள்." பிறகு மருமகனிடம் பிரேசில் அக்காவின் கதையைச் சொன்னேன். இலக்கம் போட்ட மூன்று துண்டுகளின் கதையையும் சொன்னேன். அவன் உடனே போனை எடுத்துத் தேடத் தொடங்கினான்.

"எல்லாம் சரி. ஆனால் அந்த மட்டையைக் கிழிச்சுப் போடு தம்பி" என்று அவனிடம் சொன்னேன். "பேப்பர் வேலை முடியுமட்டும் அந்தப் பேர் வேண்டாம்."

அவன் தலை நிமிராமல் கேட்டான்: "அப்ப நீங்களும் பேரை மறைக்கத்தானே சொல்லுறீங்கள், மாமா?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் மீன்குழம்பைப் பார்த்தேன்.

கடைசியில் கோப்பு கிழிபடவில்லை. அது வீட்டில் அவன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெறும் நீல நிறக் கோப்பு போகிறது. அதற்கான காசை அக்கா என்னிடம்தான் வாங்கினா.